கப்பை எண்ணி கோச்சை அளக்காதீங்க

1/
ஊசி போட்டுக்கிட்டே ஒரு பெரியவர் கேட்டார்: "டாக்டர், ஃப்ளெமிங்கை தூக்கணுமா வேண்டாமா?" காய்ச்சல் 102. பெட்டுல படுத்திருக்கார். கவலை பூரா சி.எஸ்.கே. மேலதான். 2025 சீசன்ல 14 ஆட்டம், 4 வெற்றி, பத்தாவது இடம். அன்னைக்கு அம்பத்தூர்ல பாதிப் பேருக்கு அந்தக் காய்ச்சல்தான்.

2/
அதுக்கப்புறம் எந்தக் குரூப்பைத் திறந்தாலும் ஒரு பட்டியல். "ஐ.பி.எல். டாப் 10 கோச்". யார் முதல், யார் வேஸ்ட், யாரை எப்போ விரட்டணும். கீழே நானூறு கமெண்ட். நானும் ரெண்டு கமெண்ட் போட்டேன், மறுக்கலை. ஆனா இந்தப் பட்டியல் போடற முறையே தப்புன்னு சொல்லத்தான் இந்த நீளமான த்ரெட். திட்டறவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டுங்க.

3/
முதல்ல ஃப்ளெமிங். 2009-லேர்ந்து சென்னைக்குத் தலைமைப் பயிற்சியாளர். கப் 5: 2010, 2011, 2018, 2021, 2023. எண்ணிக்கையில இவருக்கு மேல ஒரு கோச் இல்லை. அப்போ நம்பர் ஒன், பட்டியல் முடிஞ்சது, வீட்டுக்குப் போலாம்னு தோணும். கொஞ்சம் பொறுங்க.

4/
2020-ல சி.எஸ்.கே. எட்டு அணியில ஏழாவது. 2021-ல சாம்பியன். 2022-ல பத்து அணியில ஒன்பதாவது. 2023-ல சாம்பியன். நாலு வருஷமும் ஒரே கோச். 2020-ல முட்டாள், 2021-ல மேதை, 2022-ல மறுபடி முட்டாள், 2023-ல மறுபடி மேதை? இப்படி வருஷா வருஷம் ஏறி இறங்குற புத்தி எந்த மருத்துவப் புத்தகத்துலயும் இல்லை.

5/
நடுவுல சென்னை அணிக்குத் தடை. அந்த ரெண்டு வருஷம் புனே அணிக்குப் போனார். 2016-ல எட்டுல ஏழாவது. 2017-ல இறுதிப் போட்டி. இங்கேயும் அதே ஆள், அதே ஏற்ற இறக்கம்.

6/
அந்த 2017 இறுதிப் போட்டியில புனே தோத்தது ஒரே ஒரு ரன்னில். எதிரணி மும்பை, கோச் ஜெயவர்த்தனே. 2019 இறுதிப் போட்டி ஞாபகம் இருக்கா? மறக்க முடியுமா! கடைசிப் பந்துல 2 ரன் வேணும், மலிங்கா, எல்.பி.டபிள்யூ. அதுவும் ஒரு ரன். மும்பை கோச் அப்பவும் ஜெயவர்த்தனே. எதிர்ல நின்னவர் அப்பவும் ஃப்ளெமிங்.

7/
ஜெயவர்த்தனேவுக்கு 2017, 2019, 2020-னு மூணு கப். அதுல ரெண்டு, ஃப்ளெமிங்கை ஒரு ரன்ல தாண்டி வந்தது. அந்த ரெண்டு பந்து வேற மாதிரி போயிருந்தா? ஃப்ளெமிங் ஏழு, ஜெயவர்த்தனே ஒண்ணு. பட்டியல்ல ஒருத்தர் சாமி ஆயிடுவார், இன்னொருத்தர் சாதாரண ஆள் ஆயிடுவார். ரெண்டு பேரோட மூளையிலயும் ஒரு நரம்பு கூட மாறியிருக்காது.

8/
"சென்னைக்குத்தான் அநியாயம் நடந்துச்சு"ன்னு கிளம்பிடாதீங்க. 2023 இறுதிப் போட்டி. கடைசி 2 பந்துல 10 ரன். ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். அந்த ரெண்டு பந்து தவறியிருந்தா, 2022, 2023 ரெண்டு வருஷமும் கப் ஆஷிஷ் நெஹ்ராவுக்கு. "முதல் ரெண்டு சீசன்லயும் கப் அடிச்ச அதிசய கோச்"னு இன்னைக்கு அவரைத்தான் கொண்டாடியிருப்பீங்க. 2024-ல அதே நெஹ்ரா, அதே குஜராத், எட்டாவது இடம்.

9/
சந்திரகாந்த் பண்டிட். மும்பை, விதர்பா, மத்தியப் பிரதேசம்னு மூணு அணிக்கு ரஞ்சிக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். 2024-ல கொல்கத்தாவுக்கு ஐ.பி.எல். கப். 2025-ல எட்டாவது. சீசன் முடிஞ்சதும் விடைபெற்றார்.

கேரி கிர்ஸ்டன். 2011-ல இந்தியாவுக்கு உலகக் கோப்பை. 2014-ல அவர் பயிற்சி கொடுத்த டெல்லி கடைசி இடம். 2019-ல அவர் பயிற்சி கொடுத்த பெங்களூரும் கடைசி இடம்.

10/
கால்பந்து ரசிகர்களையும் விட மாட்டேன். சென்னையின் எஃப்.சி., ஜான் கிரிகரி: 2017-18 சாம்பியன், அடுத்த சீசன் பத்து அணியில பத்தாவது. ஓவன் காய்ல்: 2019-20-ல பாதி சீசன்ல வந்து, தரையில கிடந்த அணியை இறுதிப் போட்டி வரை தூக்கிட்டுப் போனார். மறுபடி வந்தப்ப, 2024-25-ல அதே அணி பட்டியலோட அடிப்பகுதியில.

ஆள் மாறலை. முடிவு மாறுது. அப்போ நாம அளக்கிறது ஆளையா, வேற எதையோவா?

11/
இங்கேதான் டாக்டரா உள்ளே வர்றேன். ஏன்னா இதே தப்பை எங்க துறை பண்ணி, அடிபட்டு, கொஞ்சமா கத்துக்கிச்சு.

அமெரிக்காவுல நியூயார்க் மாநிலம். 1990-களின் தொடக்கத்துல, இதய பைபாஸ் ஆபரேஷன்ல எந்த ஆஸ்பத்திரியில, எந்த சர்ஜன்கிட்ட எத்தனை பேர் இறந்தாங்கன்னு பட்டியல் வெளியே வந்தது. கேக்க நியாயமாத்தான் இருக்கு. மக்களுக்குத் தெரியணும்தானே?

12/
ஆனா யோசிங்க. ஒரு சர்ஜன்கிட்ட 50 வயசு, சர்க்கரை இல்லாத, நடந்து வர்ற நோயாளி. இன்னொருத்தர்கிட்ட 78 வயசு, கிட்னி போன, ஆம்புலன்ஸ்ல வர்ற நோயாளி. ரெண்டு பேரோட சாவுக் கணக்கையும் அப்படியே பக்கத்துல பக்கத்துல வச்சா, கஷ்டமான கேஸைத் தொடாத டாக்டர் முதலிடம். யாரும் எடுக்காத கேஸை எடுத்தவர் கடைசி.

13/
அதனால நோயாளியோட வயசு, மத்த வியாதி எல்லாத்தையும் கணக்குல எடுத்துத்தான் அங்கே ஒப்பிட்டாங்க. அப்படியும், பட்டியலுக்குப் பயந்து சில சர்ஜன்கள் ஆபத்தான நோயாளிகளைத் தட்டிக் கழிக்கிறாங்கன்னு புகார் வந்தது. பட்டியலோட குணம் அது. எதை எண்ணுறீங்களோ, அதைக் காப்பாத்தத்தான் மனுஷன் பார்ப்பான். எண்ணாததைக் கைவிடுவான். இந்த வரியை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

14/
நியாயமான ஒப்பீடுன்னா எப்படி இருக்கும்? 1840-கள், வியன்னா பொது மருத்துவமனை. ரெண்டு பிரசவ வார்டு. ஒண்ணுல டாக்டர்களும் மாணவர்களும், இன்னொண்ணுல மருத்துவச்சிகள். ஒரு நாள் வர்ற கர்ப்பிணிங்க இந்த வார்டுக்கு, மறுநாள் வர்றவங்க அந்த வார்டுக்கு. அதாவது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நோயாளிகள். டாக்டர் வார்டுல நூத்துக்கு சுமார் 10 தாய்மார் சாவு. மருத்துவச்சி வார்டுல சுமார் 4.

15/
செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர் காரணத்தைத் தேடினார். பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்த்தாங்க. 1847-ல குளோரின் கலந்த தண்ணியில கை கழுவ வச்சார், சாவு சரசரன்னு குறைஞ்சது. வந்த நோயாளிகள் ஒரே மாதிரி இருந்ததாலதான் வித்தியாசம் டாக்டர் கையில இருக்குன்னு கண்டுபிடிக்க முடிஞ்சது.

ஐ.பி.எல்.-ல பத்து கோச்சுக்கும் ஒரே மாதிரி வீரர்களையா கொடுக்கிறாங்க? ஏலத்துல யாரை எடுக்கணும்னு கோச் மட்டுமா முடிவு பண்றார்? கேப்டனுக்கு முழங்கையில அடிபட்டா அதுக்கு கோச் என்ன பண்ணுவார்?

16/
இப்போ ஒரு குரல் கேக்குது: "அப்போ கோச்சே தேவையில்லையா டாக்டர்? எல்லாம் அதிர்ஷ்டமா?"

இல்லவே இல்லை. கோச் ரொம்ப முக்கியம். முக்கியம்ங்கறதாலதான் சொல்றேன், அவரைத் தப்பான தராசுல வைக்காதீங்க. டாக்டர் முக்கியம்னு நினைக்கிறவன், செத்தவங்க எண்ணிக்கையை மட்டும் பார்த்து டாக்டரைத் தேர்ந்தெடுக்க மாட்டான். அவர் கையில இருந்த விஷயத்தை அவர் சரியா செஞ்சாரான்னு கேப்பான்.

17/
ஃப்ளெமிங், பாண்டிங், ஆண்டி ஃப்ளவர் இவங்களைப் பத்தி நீங்க தப்பாப் பட்டியல் போட்டா யாருக்கும் ஒண்ணும் குறைஞ்சிடாது. பாண்டிங்கை 2024-ல டெல்லி அனுப்பிச்சது, 2025-ல பஞ்சாபை இறுதிப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனார். லக்னோவை ரெண்டு சீசனும் பிளேஆஃப் கொண்டுபோன ஃப்ளவரை அந்த அணி வச்சுக்கலை, 2025-ல பெங்களூருக்கு முதல் கப் வாங்கிக் கொடுத்தார். அவங்க பிழைச்சுப்பாங்க. என் பயம் அவங்களைப் பத்தி இல்லை.

18/
என் பயம் நம்ம ஏரியா பத்தி.

ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயல், அம்பத்தூர், கொரட்டூர், திருவேற்காடு, பூந்தமல்லி. காலி மனைன்னு ஒண்ணு இருந்தா, ஒண்ணு அதுல அபார்ட்மென்ட் வரும், இல்லைன்னா நெட் கட்டி அகாடமி வரும். தப்பில்லை. ஸ்கூல்ல பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் கடன் வாங்கிட்டுப் போற ஊர்ல, பிள்ளைங்க ஓடி விளையாட ஒரு இடம் கிடைச்சா எனக்கு சந்தோஷம்தான்.

19/
ஆனா ஏப்ரல் வந்தா அப்பா அம்மா என்கிட்ட கேக்கிற கேள்வி: "டாக்டர், இந்த ஏரியாவுல நம்பர் ஒன் கோச் யாரு?" வாட்ஸ்அப்ல போஸ்டர் சுத்துது. இந்தக் கோச் எத்தனை பேரை டிஸ்ட்ரிக்ட் டீமுக்கு அனுப்பினார், எத்தனை கப் அடிச்சார், யார் முதலிடம், யார் ரெண்டாமிடம். ஐ.பி.எல். பட்டியல் போடற அதே மூளை, அதே தராசு. வித்தியாசம் ஒண்ணுதான்: இங்கே தராசோட இன்னொரு தட்டுல உங்க பிள்ளை உட்கார்ந்திருக்கான்.

20/
ஒரு மே மாசம். கத்திரி வெயில். ஊரும் பேரும் வேண்டாம். 14 வயசுப் பையன், கோடை முகாம். பத்து நிமிஷம் லேட்டா வந்ததுக்கு கிரவுண்டைச் சுத்தி பத்து ரவுண்டு ஓடச் சொல்லியிருக்காங்க. எட்டாவது ரவுண்டுல தள்ளாடியிருக்கான், உளறியிருக்கான். கூட இருந்த பசங்க நடிக்கிறான்னு நினைச்சுச் சிரிச்சிருக்காங்க. அப்புறம் விழுந்துட்டான்.

21/
முகத்துல தண்ணி தெளிச்சு, மரத்தடியில படுக்க வச்சு, "சரியாயிடும்"னு காத்திருந்திருக்காங்க. சரியாகலை. பைக்ல ரெண்டு பேருக்கு நடுவுல உட்கார வச்சு, டிராஃபிக்ல நெளிஞ்சு, கிளினிக் வந்து சேர்ந்தப்போ விழுந்து நாப்பது நிமிஷத்துக்கு மேல ஆச்சு. ஆசனவாய் வழியா வெப்பம் பார்த்தோம். 106 டிகிரி. பேர் கேட்டா சொல்லத் தெரியலை.

22/
தரையில படுக்க வச்சோம். சட்டையைக் கழட்டினோம். இருந்த தண்ணி கேன் எல்லாத்தையும் ஊத்தினோம். பக்கத்து ஜூஸ் கடையில இருந்து ஐஸ் வாங்கிட்டு வந்து உடம்பு பூரா தேய்ச்சோம், ஃபேனைத் திருப்பி விட்டோம், 108-ஐக் கூப்பிட்டோம். பையன் பிழைச்சான். தசை சிதைஞ்சு, கிட்னி சில நாள் திணறி, அப்புறம் மெல்ல மீண்டான். கொஞ்சம் தாமதமாயிருந்தா நான் இந்த த்ரெட்டை வேற மாதிரி எழுதியிருப்பேன்.

23/
வாசல்ல அந்தக் கோச் நின்னுட்டிருந்தார். இருபத்தஞ்சு வயசு இருக்கும். ஷூ பூரா செம்மண். அழுதுட்டிருந்தார். அந்த மாச போஸ்டர்ல அவர்தான் நம்பர் ஒன்.

பையனோட அப்பா என்கிட்ட சொன்னது: "கோச் நல்லவர் சார். மூணு பேரை டிஸ்ட்ரிக்ட்டுக்கு அனுப்பினவர்." கோச் சொன்னது: "சார், இப்படி ஆனா என்ன பண்ணணும்னு எனக்கு யாருமே சொல்லித் தரலை."

ரெண்டு பேர் சொன்னதும் உண்மை. அதுதான் பயமா இருக்கு.

24/
13-வது பதிவை ஞாபகப்படுத்திக்கோங்க. எதை எண்ணுறோமோ அதைத்தான் காப்பாத்துவாங்க. நாம கப்பை எண்ணினோம். அவர் கப்பைக் காப்பாத்தினார். கிரவுண்ட்ல ஐஸ் இருக்கா, தண்ணித் தொட்டி இருக்கான்னு நாம ஒருத்தரும் எண்ணலை. அவரும் வாங்கி வைக்கலை. குத்தவாளிக் கூண்டுல அவர் மட்டும் இல்லை.

25/
"இது நம்ம ஊர் வசதியில்லாத கதை"ன்னு நினைக்கிறவங்களுக்கு. அமெரிக்காவுல கல்லூரி கால்பந்துன்னா (அவங்க ஊர் முட்டை வடிவப் பந்து) அது பெரிய மதம். ஒவ்வொரு கோடையிலும் எந்த கோச் முதல், எந்த கோச் கடைசின்னு பட்டியல். கோடிக்கணக்குல சம்பளம். 2018 மே 29, மேரிலாண்ட் பல்கலைக்கழகம். ஜோர்டன் மெக்நேர், 19 வயசு. திரும்பத் திரும்ப ஸ்பிரின்ட் ஓடற பயிற்சியில சரிஞ்சார். ஜூன் 13-ல இறந்தார். காரணம் உழைப்பு வெப்பத் தாக்கு.

26/
அங்கே பயிற்சி பெற்ற உதவியாளர்கள் இருந்தாங்க, வசதி இருந்தது. ஆனா குளிர்ந்த தண்ணித் தொட்டியில அவரை இறக்கலை. அறிகுறி தொடங்கி ஆம்புலன்ஸ் கிளம்பறதுக்குள்ள ஒன்றரை மணி நேரத்துக்கு மேல போச்சு. விசாரணை நடந்தது. தலைமைக் கோச்சை அக்டோபர் 30 அன்னைக்கு பதவியில தொடரலாம்னாங்க. மாணவர்களும் மக்களும் கொதிச்சதும், மறுநாளே நீக்கினாங்க. அந்தக் கோடைப் பட்டியல்கள்ல எதுலயாவது "வெப்பத் தாக்கு வந்தா இவர் அணி தயாரா?"ன்னு ஒரு கட்டம் இருந்திருக்குமா?

27/
இதுல வயிறெரியற விஷயம் என்ன தெரியுமா? இது காப்பாத்தக்கூடிய சாவு. அமெரிக்காவுல ஃபால்மவுத்னு ஒரு ஓட்டப் பந்தயம், ஆகஸ்ட் வெயில்ல நடக்கும். 18 பந்தயங்கள்ல 274 பேருக்கு வெப்பத் தாக்கு வந்திருக்கு. எல்லாரையும் அங்கேயே குளிர்ந்த தண்ணித் தொட்டியில இறக்கினாங்க. ஒருத்தர் கூட சாகலை. திரும்பச் சொல்றேன்: 274 பேர். சாவு பூஜ்யம். மருந்து ஐஸும் தண்ணியும்.

28/
அதனால இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

வெயில்ல விளையாடற பிள்ளை உளறினா, தள்ளாடினா, காரணமில்லாம சண்டை போட்டா, விழுந்தா, அது வெப்பத் தாக்குன்னு எடுத்துக்கோங்க. வேர்வை நின்னிருக்கணும்னு அவசியம் இல்லை, உடம்பு நனைஞ்சே இருக்கலாம்.

முதல்ல குளிரவைங்க, அப்புறம் வண்டி. 108-க்கு ஒருத்தர் போன் பண்ணட்டும், அதே நேரம் மத்தவங்க குளிர்ந்த தண்ணியில கழுத்து வரை இறக்குங்க. தொட்டி இல்லையா? தார்ப்பாயில படுக்க வச்சு நாலு மூலையையும் தூக்கிப் பிடிச்சு, தண்ணியும் ஐஸும் கொட்டுங்க. தலையைப் பிடிச்சுக்கோங்க. அரை மணி நேரத்துக்குள்ள வெப்பம் இறங்கணும்.

நினைவு சரியில்லாதவன் வாயில தண்ணி ஊத்தாதீங்க. பாராசிட்டமால் இதுக்கு உதவாது.

29/
அடுத்து இதயம். 2004 டிசம்பர் 5, பெங்களூரு, ஃபெடரேஷன் கோப்பை இறுதி. டெம்போ அணியோட பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் அடிச்ச அதே நொடியில கோல்கீப்பரோட மோதி விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை. உடனே கிடைச்சிருக்க வேண்டிய முதலுதவி பத்தி அன்னைக்கு நாடே பேசிச்சு. அப்புறம் மறந்துட்டோம்.

30/
2021 ஜூன் 12, கோபன்ஹேகன். டென்மார்க்கோட எரிக்சன் மைதானத்துல சரிஞ்சார். இதயம் நின்னது. அங்கேயே மார்பை அழுத்தினாங்க, அங்கேயே ஏ.இ.டி. மெஷின் வச்சு ஷாக் கொடுத்தாங்க. அடுத்த பிப்ரவரியில மனுஷன் இங்கிலாந்துல பந்து உதைச்சிட்டிருந்தார். ரெண்டு பேருக்கும் நடுவுல திறமை வித்தியாசம் இல்லை. பக்கத்துல யார் இருந்தாங்க, என்ன தெரிஞ்சிருந்தாங்க, என்ன வச்சிருந்தாங்க. அவ்வளவுதான்.

31/
மூணாவது, முதுகு. 13 வயசு வேகப்பந்து வீச்சாளன், "ரெண்டு மாசமா கீழ்முதுகு வலி"ன்னு வருவான். எலும்புல கீறல் விழுந்திருக்கும். எத்தனை ஓவர் போடறேன்னு கேட்டா, "கோச் நிறுத்தச் சொல்ற வரைக்கும்"பான். இங்கிலாந்து கிரிக்கெட் போர்டு பல வருஷமா சொல்லிட்டு வந்த கணக்கு இது: 13 வயசுக்குக் கீழே ஒரு ஸ்பெல்லுக்கு 5 ஓவர், ஒரு நாளைக்கு 10. வளர்ற எலும்பு, அதுக்கு ஓய்வு வேணும். ஆனா சனி, ஞாயிறு மேட்ச் ஜெயிச்சாத்தானே போஸ்டர்ல பேர் வரும்? பையனைப் பிழிஞ்சிடறாங்க.

32/
"டாக்டர், ஸ்ட்ரிக்ட்டா இல்லைன்னா பசங்க எப்படி உருப்படுவாங்க? எங்க காலத்துல..."

உங்க காலம் தெரியும் சார். உங்க காலத்துல விளையாடினவங்கள்ல முழங்கால் போனவங்க எல்லாம் இன்னைக்கு என் ஓ.பி.லதான் உட்கார்ந்திருக்காங்க. கண்டிப்பு வேணும். லேட்டா வந்தா கிட் பேக்கைத் தூக்கச் சொல்லுங்க, கிரவுண்டைப் பெருக்கச் சொல்லுங்க. மே மாச வெயில்ல ஓட விடறது கண்டிப்பு இல்லை. தமிழ்நாடு அரசே 2024-ல வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சிருக்கு. பேரிடர்ல யாராவது பிள்ளையை ரவுண்டு ஓட விடுவாங்களா?

33/
கோச்சுகளை மட்டும் சாத்திட்டு நழுவறேன்னு நினைக்காதீங்க. 2022 நவம்பர். வடசென்னைப் பொண்ணு, 17 வயசு, கல்லூரி மாணவி, கால்பந்து வீராங்கனை. முழங்கால் ஜவ்வு ஆபரேஷன். கட்டுப் போட்டதுல ரத்த ஓட்டம் தடைபட்டு, கால் போய், கடைசியில உயிரும் போச்சு. அது கோச் தப்பு இல்லை. என் துறையோட தப்பு. அந்தப் பொண்ணோட பந்து எங்க மேல எப்பவும் வந்து மோதிக்கிட்டேதான் இருக்கும்.

34/
அதனால, கூகுள்ல அஞ்சு ஸ்டார் பார்த்து டாக்டரைத் தேடறதும், கப் பார்த்து கோச்சைத் தேடறதும் ஒரே வியாதிதான். நல்லாப் பேசறவருக்கு ஸ்டார் விழும். வளர்ந்த பையனைக் குட்டிப் பசங்க டீம்ல இறக்கறவருக்குக் கப் விழும். ரெண்டுலயும் உங்களுக்கு வேண்டிய தகவல் இல்லை.

35/
சரி, பட்டியலே போடக் கூடாதா? தாராளமாப் போடுங்க. நானே போடச் சொல்றேன். ஆனா கோச்சோட கையில இருக்கிறதை வச்சுப் போடுங்க. அகாடமியில பணம் கட்டறதுக்கு முன்னாடி இந்த ஏழு கேள்வி:

ஒண்ணு: மே மாசம் பயிற்சி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சு எத்தனை மணிக்கு முடியுது?
ரெண்டு: ஐஸும் தொட்டியும் கிரவுண்ட்ல இருக்கா? காட்டச் சொல்லுங்க.
மூணு: மார்பு அழுத்தி உயிர் காக்கற பயிற்சி எடுத்தவர் எத்தனை பேர்?
நாலு: பக்கத்து ஆஸ்பத்திரி எது, போக எவ்வளவு நேரம், யார் வண்டி?

36/
அஞ்சு: பந்துவீச்சாளனுக்கு ஓவர் கணக்கு நோட்டுல எழுதறாங்களா?
ஆறு: தலையில அடிபட்டா அன்னைக்கே மறுபடி விளையாட விடுவாரா? "சின்ன அடிதானே, விடுவேன்"னு சொன்னா, செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க.
ஏழு: மூணு வருஷம் முன்னாடி சேர்ந்த பிள்ளைங்கள்ல இன்னும் எத்தனை பேர் விளையாடறாங்க? எத்தனை பொண்ணுங்க?

என்னைக் கேட்டா ஏழாவது கேள்விதான் பெரிய கப். மூணு பேரை டிஸ்ட்ரிக்ட்டுக்கு அனுப்பினவரை விட, முப்பது பேரை விளையாட்டுல தங்க வச்சவர் எனக்கு மேலே.

37/
"கேட்டா கோச் கோவிச்சுப்பாரு." கோவிச்சுக்கிற கோச் உங்க கேள்விக்கு பதில் சொல்லிட்டார்னு அர்த்தம். நல்ல கோச் சந்தோஷப்படுவார். பல பேர் உங்ககிட்ட இதைக் கேக்க மாட்டாங்களான்னு காத்துட்டிருக்காங்க. ஐஸ் பெட்டி வாங்க காசு கேட்டா "ஃபீஸ் ஏத்தறான்"னு திட்டினது நாமதான்.

கிரவுண்டை வாடகைக்கு விடற மாநகராட்சி, நகராட்சிகளுக்கும் ஒரு வார்த்தை: கிரவுண்ட் புக்கிங் ரசீதுல இந்த முதல் நாலு கேள்வியையும் அச்சடிச்சுடுங்க. ஆவடியோ பூந்தமல்லியோ யார் முதல்ல செய்றீங்களோ, அவங்களை நான் இங்கேயே நம்பர் ஒன்னு போடறேன்.

38/
அந்தக் கோச் இப்பவும் பயிற்சி கொடுக்கிறார். அந்த மே மாசத்துக்கு அப்புறம் ஒரு நாள் கிளினிக் வந்தார், மார்பு அழுத்தறது எப்படின்னு கத்துக்கிட்டுப் போனார். இப்போ அவர் கிரவுண்ட் ஓரத்துல ஒரு நீல நிற டிரம், பக்கத்துல தெர்மாகோல் பெட்டியில ஐஸ். ஏப்ரல், மே ரெண்டு மாசமும் எட்டரைக்கு விசில் ஊதி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடறார். போஸ்டர்ல அவர் பேர் இப்போ கீழே போயிடுச்சுன்னு கேள்வி.

39/
அந்தப் பையன் அவர்கிட்டதான் இன்னும் விளையாடறான். லெக் ஸ்பின்.

ஃப்ளெமிங்கைத் தூக்கணுமா வேண்டாமான்னு கேட்ட பெரியவருக்கு நான் சொன்ன பதில்: "அதை அவங்க பார்த்துப்பாங்க ஐயா. உங்க பேரன் எந்த கிரவுண்ட்ல விளையாடறான்? அங்கே ஐஸ் இருக்கா?"

அவர் காய்ச்சலோட எழுந்து உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார். நீங்களும் போடுங்க.